ஹாலேக்கு வழி தெரியாத நாம்

ஜெர்மனிக்குப் போய்வந்த தமிழர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். பெர்லின் சுவர் இருக்கும், மியூனிக் இருக்கும், கொலோன் பெருந்தேவாலயத்தின் முன்னால் எடுத்துக்கொண்ட படம் இருக்கும். ஈழத்தமிழர்கள் ஹாம் நகரத்தில் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் தேர்த்திருவிழாவும் இருக்கும். ஹாலே இருக்காது. பெர்லினில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம், லைப்சிக்கிலிருந்து அரை மணி நேரம். தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்துத் தரங்கம்பாடிக்குக் கப்பலேற்றிய ஊர் அது. தமிழ் இலக்கணம் ஒன்றை 1716இல் லத்தீனில் அச்சிட்ட ஊர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த தமிழர்களின் 99 கடிதங்களை ஜெர்மனில் அச்சிட்டுப் படித்த ஊர். மேடையில் இவற்றை அடுக்கிச் சொல்லத் தெரியும் நமக்கு. அந்தக் கடிதங்களில் ஒன்றையாவது முழுதாகப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் அரங்கம் அமைதியாகிவிடும்.

நாம் என்று சொல்வது தமிழில் எழுதுகிறவர்களை, பத்திரிகை நடத்துகிறவர்களை, தமிழ்த்துறைகளில் சம்பளம் வாங்குகிறவர்களை, வெளிநாடுகளில் சங்கம் வைத்து ஆண்டுவிழா கொண்டாடுகிறவர்களை, அந்த விழாவின் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களை. இந்தப் பட்டியலில் இல்லாத தமிழ் ஆர்வலர் யாராவது இருந்தால் அவர் இதைப் படிக்க வேண்டியதில்லை.

முதலில் ஊரைப் பற்றி. சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய நம் தஞ்சாவூர் அளவு. உப்பு காய்ச்சி வளர்ந்த ஊர். சந்தைத் திடலில் ஐந்து கோபுரங்கள் நிற்கின்றன. நான்கு தேவாலயத்தைச் சேர்ந்தவை; ஐந்தாவது தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். அதிலுள்ள 76 மணிகள் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மணித்தொகுதி. திடலின் நடுவில் இசையமைப்பாளர் ஹேண்டலின் சிலை. 1685இல் இந்த ஊரில் பிறந்தவர் அவர். 18 வயதில் ஹாம்பர்க் போய்விட்டார், அங்கிருந்து இத்தாலி, கடைசியில் லண்டன். 1727இல் பிரிட்டிஷ் குடிமகனாகவே ஆகிவிட்டார். சொந்த ஊருக்கென்று அவர் செய்தது அதிகமில்லை. ஊர் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. அவர் பிறந்த வீட்டை 1948இல் அருங்காட்சியகம் ஆக்கியது. 1952 முதல் கோடைதோறும் ஹேண்டல் விழா எடுக்கிறது.

விழா என்றதும் நமக்குப் பந்தலும் பொன்னாடையும் நினைவுக்கு வரும். அங்கே விழாவுக்குப் பின்னால் இன்னொரு வேலை நடக்கிறது. ஹேண்டலின் இசைப்படைப்புகள் அத்தனையையும் கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தமாகப் பதிப்பிக்கும் பணியை 1955இல் தொடங்கினார்கள். தலைமுறை மாறியும் அது நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பதிப்பை வைத்து விழா மேடையில் பாடுகிறார்கள். மேடையில் பாடுவதால் பதிப்புக்கு மரியாதை கிடைக்கிறது. நம் மாநாடுகளில் ஊர்திகள் போகின்றன, மலர் வெளியாகிறது, கட்டுரைத் தொகுதி மூட்டையாகக் கட்டப்பட்டு ஏதோ ஒரு அறைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு மாநாட்டுக்கும் அடுத்த மாநாட்டுக்கும் இடையில் யார் என்ன பதிப்பித்தார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

அதே ஊரின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நெப்ரா வான்தட்டு இருக்கிறது. சூரியனையும் பிறையையும் நட்சத்திரங்களையும் தங்கத்தால் பதித்த வெண்கலத் தட்டு. சுமார் 3600 ஆண்டு பழையது. 1999இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் சிக்கி, கள்ளச் சந்தையில் கைமாறி, 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் போலீஸ் விரித்த வலையில் மீண்டது. மூன்றே ஆண்டு. நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு, ஹாலேயோடு தொடர்புள்ளதுதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த தமிழ் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று தஞ்சைச் சரஸ்வதி மகாலில் இருந்தது. 2005இல் காணாமல் போனது. 2022இல், அது லண்டனில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. இடையில் 17 ஆண்டுகள். அத்தனை நாளும் அந்தப் புத்தகம் இல்லையே என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகை தொடர்ந்து எழுதியது? காணாமல் போனது ஒரு நாள் செய்தி, கண்டுபிடித்தது இன்னொரு நாள் செய்தி, அவ்வளவுதான்.

ஹாலேயில் நம்முடைய சங்கதி இருக்கிற இடம் ஃபிராங்கே அறக்கட்டளை வளாகம். ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஊரின் எல்லையில், ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பாதிரியாராக இருந்தவர். 1695இல் காணிக்கைப் பெட்டியில் நாலு தாலர் 16 குரோஷன் விழுந்திருப்பதைப் பார்த்து, அதை வைத்துக்கொண்டே பள்ளி தொடங்கினார். 1698இல் அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு அச்சகம், புத்தகக் கடை, மருந்துச் சாலை, நூலகம் என்று தனி ஊராகவே வளர்ந்தது. அனாதை இல்லத்து முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். அதைத் தாண்டி உள்ளே போனால் நீண்ட முற்றம், இருபக்கமும் உயரமான கட்டடங்கள். அவற்றில் ஒன்று மரச்சட்டம் கோத்து ஆறு மாடிக்கு எழுப்பியது. டென்மார்க் அரசர் தன் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப நினைத்தபோது ஆட்கள் கிடைத்தது ஃபிராங்கேயின் வட்டத்திலிருந்துதான். சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள்.

அனாதை இல்லத்தின் மேல்மாடியில், கூரைக்குக் கீழே, ஓர் அதிசயக் கூடம் உண்டு. பிள்ளைகள் உலகத்தைக் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்று சேர்த்த பொருட்கள், ஏறத்தாழ மூவாயிரம். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சுற்றிலும் 1730களில் செய்த 16 அலமாரிகள். ஒவ்வொரு அலமாரியின் நெற்றியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் வண்ணப் படம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் எந்த அலமாரியில் சிப்பி, எதில் கல், எதில் உடை என்று கண்டுபிடித்துவிடும். மிஷனரிகள் நம் கடற்கரையிலிருந்து அனுப்பியவையும் இங்கே வந்து சேர்ந்தன. ஓலைச்சுவடிகளுக்கு ஆவணக் காப்பகத்தில் இடம்.

ஹாலேக்காரர்களையும் ஒரேயடியாகப் புகழ்ந்துவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கூடத்தை யாரும் சீண்டவில்லை; சீண்டாததால்தான் பழைய வடிவம் கலையாமல் தப்பியது என்று சொல்ல வேண்டும். 1946இல், சோவியத் பிடியில் இருந்த காலத்தில், அறக்கட்டளையின் தனி உரிமை பறிபோனது. கிழக்கு ஜெர்மனி அரசு அதன் முகத்துக்கு நேரே மேம்பாலச் சாலை ஒன்றைப் போட்டது. கூரை ஒழுகி, சுவர் விரிந்து, 1990இல் பாதி இடிபாடாக நின்றது அந்த வளாகம். இசைக்குப் பெயர் போன ஊரில், அதைப் பார்த்துக்கொண்டே நாற்பது ஆண்டுகள் நடந்து போயிருக்கிறார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஊர்க்காரர்கள் சிலர் நண்பர்கள் வட்டம் அமைத்தார்கள். வொல்ஃபன்பியூட்டல் நூலகத்தை உலகப் புகழ்பெற வைத்துவிட்டு ஓய்வுபெற்ற பால் ராபே, வீட்டில் உட்காராமல் இங்கே வந்து பொறுப்பேற்றார். 1995இல் அதிசயக் கூடம் திரும்பத் திறந்தது. 1728இல் கட்டி முடித்த நூலகம், நாடக மேடையின் பக்கத்திரைகள்போல அலமாரிகள் வரிசை கட்டி நிற்கும் அந்த நூலகம், மறுபடியும் வாசகர்களுக்கு வந்தது. மேம்பாலம் மட்டும் இன்னும் முகத்துக்கு நேரேதான் ஓடுகிறது.

இன்னொரு புறக்கணிப்பு இதைவிடப் பழையது, அதில் ஃபிராங்கேக்கே பங்குண்டு. சீகன்பால்க் தமிழர்களின் சமயத்தைப் பற்றி 1711இல் ஒரு நூலும், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி 1713இல் ஒரு நூலும் எழுதி அனுப்பினார். புறமதத்தை ஒழிக்க அனுப்பினால் அதை ஐரோப்பாவில் பரப்புகிறாரே என்ற எண்ணம் ஹாலேயில். நூல்கள் அலமாரிக்குப் போயின. தெய்வங்கள் பற்றியது 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. மற்றது 1926இல் ஆம்ஸ்டர்டாமில். 1708இலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்திருந்தார். அவை அச்சைப் பார்த்தது 1930இல். பிடிக்காததையும் இருநூறு ஆண்டு எறியாமல் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டோம். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டதை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார், அதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினோம்.

சீகன்பால்குக்குத் தமிழ் ஏடுகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, பிராமண விதவைகளிடம் விசாரித்து, மலிவாக வாங்கச் சொன்னாராம். கணவன் போன வீட்டில் ஏடு பாரம்தான், அரிசிக்குக் காசு வந்தால் போதும் என்ற நிலைமை அந்த ஒரு வரியில் தெரிகிறது. அப்படிச் சேர்த்த 119 தமிழ் நூல்களுக்கு 1708இல் அவர் குறிப்புகளோடு ஒரு பட்டியல் போட்டார். அன்றைக்குச் சோழமண்டலக் கரையில் சாதாரண வீடுகளில் என்ன படித்தார்கள் என்பதற்கு இதைப் போன்ற சாட்சியம் அரிது. சிவவாக்கியர் இருக்கிறார், திருக்குறள் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளின் நீதி நூல்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியலை 2012இல் விரிவான ஆய்வோடு ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் நியூசிலாந்தில் பேராசிரியராக இருக்கும் வில் ஸ்வீட்மன். துணை நின்றவர் தமிழறிஞர் இலக்குவன். வெளியிட்டது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனங்கள். அந்தப் புத்தகத்துக்குத் தமிழ் இதழ்களில் எத்தனை மதிப்புரை வந்தது என்று தேடிப் பார்த்தால் முகம் சிவக்கும்.

இனி அந்த 99 கடிதங்கள். 1712க்கும் 1714க்கும் இடையில் மிஷனரிகள் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் சாஸ்திரம் என்ன சொல்கிறது, திருமணம் எப்படி நடக்கும், நோய்க்கு என்ன மருந்து, எங்கள் மதத்தை ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள் என்றெல்லாம். பதில்கள் வந்தன. மொழிபெயர்ப்பு வேலையில் முக்கியமானவர் அழகப்பன். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்து, போர்ச்சுகீசு முதலான மொழிகள் கற்றவர். கடிதங்களில் கணிசமானவற்றை அவரே எழுதியிருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஹாலே அச்சகம் இவற்றை 1714இலும் 1717இலும் ஜெர்மனில் வெளியிட்டது.

அந்தப் பதில்களில் பணிவு உண்டு, சாமர்த்தியமும் உண்டு. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், அதைக் கொண்டுவந்தவர்களின் நடத்தையைப் பார்த்தால் சேரத் தோன்றவில்லையே என்கிற தொனி திரும்பத் திரும்ப வருகிறது. மாட்டைக் கொன்று தின்கிறார்கள், குடித்துவிட்டு ஆடுகிறார்கள், கழுவுவதில்லை, வீட்டுக்குள் எச்சில் துப்புகிறார்கள். ஐரோப்பியர்களைப் பற்றி ஆசியர்கள் நேருக்கு நேர் எழுதிய விமர்சனத்தில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. 1717இல் லண்டன்காரர்கள் இதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் படித்துவிட்டார்கள். 1998இல் ஜெர்மன் ஆய்வாளர் குர்ட் லீபாவ் தொகுத்துப் புதுப்பதிப்பு கொண்டுவந்தார். தமிழ்ப் பாடப்புத்தகம் எதிலும் ஒரு கடிதம்கூட நம் பிள்ளைகள் படித்ததாக நினைவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு ஒரு தலைமுறை முந்திய தமிழ்க் குரல் இது. மூலத் தமிழ் போய், ஜெர்மன் வழியாகத்தான் கேட்கிறது என்பது உண்மைதான். அதனால் அக்கறை கூடத்தான் வேண்டும்.

மலையப்பன் என்ற பையனையும் சொல்ல வேண்டும். 1714 அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடப் போனவன். நடுக்கடலில் இருவருமாக உட்கார்ந்து தமிழ் இலக்கணத்துக்கான வேலையைச் செய்தார்கள். 1716இல் ஹாலே அனாதை இல்ல அச்சகத்தில் அது ‘கிராமத்திகா தாமுலிகா’ என்று வந்தது. அட்டையில் சீகன்பால்க் பெயர். புத்தகத்தைப் புரட்டினால் லத்தீன் வரிகளுக்கு நடுவே தடித்த தமிழ் எழுத்துகள், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு பழகாத காலத்தவை, கொஞ்சம் கோணல்மாணலாக நிற்கின்றன. தமிழே தெரியாத ஜெர்மன் கொல்லர்கள் தரங்கம்பாடியிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து வார்த்தவை. எழுத்து பெரிதாகிக் காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியில் பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்த கதை நமக்குத் தெரியும். சுவையான கதை என்பதால் தெரியும். மலையப்பன் ஹாலே வீதிகளில் நடந்தான், திரும்பி வந்தான் என்பது அவ்வளவாகத் தெரியாது. பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போன ஹேண்டலுக்கு ஹாலே என்ன செய்திருக்கிறது என்று மேலே பார்த்தோம். நாம் மலையப்பனுக்கு ஒரு நல்ல கட்டுரைகூட எழுதவில்லை.

ஏன் இப்படி? மொழி தெரியாது என்போம். பழைய ஜெர்மன் அச்செழுத்தே கண்ணைக் கட்டும், கையெழுத்தோ அதைவிடச் சிக்கல். சரி. ஆனால் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு உலகம் முழுக்கக் கையேந்தி 60 லட்சம் டாலர் சேர்க்க முடிந்த நம்மால், பத்துப் பேருக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடியாதா? கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவு மூடப்படப் போகிறது என்ற செய்தி வந்தபோதுதான், அப்படி ஒன்று இத்தனை காலமாக இருந்தது என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. டேனியல் ஜெயராஜ் போன்ற ஓரிருவர் ஹாலே காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான நூல்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வந்தன. தமிழில் எழுதச் சொல்லி நாம் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

மொழியைவிடப் பெரிய காரணம் வேறு. ஹாலேயில் இருப்பதை நாம் பங்கு போட்டுக்கொண்டோம். கிறிஸ்தவர்களுக்கு அது மிஷன் வரலாறு, ஆண்டுவிழாவுக்கு உதவும். சைவ வைணவர்களுக்கு அது மதமாற்றச் சங்கதி, தொடாமல் இருப்பது நல்லது. தமிழ்ப் பற்றாளர்களுக்கு வேண்டியது ‘இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ்’ என்கிற ஒரு வரி. அதைக்கூடப் பலமுறை சீகன்பால்க் கணக்கில் எழுதிவிட்டோம். ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. யாருக்கும் முழுக் கட்டும் வேண்டாம். ஏனென்றால் முழுக் கட்டைப் பிரித்தால் சௌகரியமில்லாதவையும் வரும். மிஷனரிகளின் இறுமாப்பு வரும். தேவாலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்த கதை வரும். ஐரோப்பியக் கம்பெனிக்கும் நம் பெரிய மனிதர்களுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் வரும்.

இதில் பணம் ஒரு பொருட்டில்லை. ஹாலே அச்சகம் வெளியிட்ட மிஷன் அறிக்கைகளை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். ஒரே ஒரு குறிப்பு: தமிழ் என்று தேடாதீர்கள், மலபார் என்று தேடுங்கள், அன்றைய ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான தமிழ் மாணவர்கள் இப்போது ஜெர்மனியில் படிக்கிறார்கள், ஜெர்மன் பேசுகிறார்கள். ஈழத்தமிழர்களின் இரண்டாம் தலைமுறைக்கு ஜெர்மன் தாய்மொழி மாதிரி. அங்குள்ள சங்கங்கள் அடுத்த பொங்கல் விழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஒரு பேருந்து பிடித்து, பிள்ளைகளை அந்த மேல்மாடிக்கு அழைத்துப் போகட்டும். நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஒரு முனைவர் பட்ட மாணவரையாவது ஜெர்மன் படிக்கச் சொல்லட்டும். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இன்னும் எளிய வேலை. வாரத்துக்கு ஒரு கடிதம் என்று தமிழாக்கித் தொடராகப் போட்டால், இரண்டு ஆண்டு முடிவதற்குள் 99 கடிதங்களும் முடிந்துவிடும்.